அகவிலைப்படி

“டி.ஏ. போட்டாச்சா?” அரசு அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. அதன் தமிழ்ப் பெயரான அகவிலைப்படி என்ற சொல் சம்பளப் பட்டியலோடு நின்றுவிடுகிறது. அதைப் படிப்பவர்களும் ‘அக’ என்பதை ‘உள்’ என்று எடுத்துக்கொண்டு, ஏதோ உள்விலை என்று நினைக்கிறார்கள்.

அகவிலை என்றால் தானிய விலை. படியோ நெல் அளந்த படி. எட்டுப் படி ஒரு மரக்கால். ஆளுக்கு அளந்து கொடுத்ததே காலப்போக்கில் கொடையின் பெயராகி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி வரை வந்துவிட்டது. பஞ்ச காலத்தில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் திருவீழிமிழலையில் நாள்தோறும் கிடைத்ததாகப் பெரியபுராணம் சொல்வதும் படிக்காசுதான். ஆலைத் தொழிலாளர்கள் சொல்லும் ‘பஞ்சப்படி’யில் அந்தப் பசியின் நினைவு இன்னும் இருக்கிறது.

அகவிலைப்படி என்ற சொல்லின் பலம் உச்சியில்தான் தெரியும். ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசுச் செயலாளரின் அடிப்படை ஊதியம் 2,25,000 ரூபாய். இது நிலையான தொகை. மற்றவர்களுக்கு உள்ள மூன்று சதவீத ஆண்டு உயர்வு இவருக்குக் கிடையாது. ஆனால் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை கணக்கிடப்படும் அகவிலைப்படி இவருக்கும் உண்டு. 2024 ஜனவரியில் அது 50 சதவீதத்தைத் தொட்டபோது, அந்த ஒரு வரியில் மட்டும் 1,12,500 ரூபாய்.

‘ஊதியம்’ குறளில் இலாபம் என்றே பொருள்படும். இன்று அது கூலிக்குப் பெயர். அகவிலைப்படி அப்படித் தடம் மாறவில்லை. விலை ஏறினால் படியும் ஏறும் என்ற கணக்கு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘டி.ஏ.’ என்ற இரண்டெழுத்தில் அது இல்லை.