ஒரே வீட்டில் இரண்டு வோல்ட்டேஜ்

ஜித்தா ஷரஃபியாவில் பழைய கட்டடங்களில் குடியிருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். விளக்குக்கும் டி.வி.க்கும் 127 வோல்ட். அதே அறையில் ஏ.சி.க்கு 220 வோல்ட். 127-ஐ நாம் "ஒன் டென்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நம் ஊரிலோ எல்லாவற்றுக்கும் 230தான். ஏன் இப்படி?

1933-இல் சவூதி அரேபியாவில் எண்ணெய் தேடும் உரிமை கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அமெரிக்கப் பொறியாளர்களோடு அவர்கள் நாட்டு 60 ஹெர்ட்ஸ் வழக்கமும் வந்தது. பிரிட்டிஷ் செல்வாக்கில் இருந்த குவைத், பஹ்ரைன், கத்தார், அமீரகம் ஆகியவை நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ் வழியில் போயின. ஜப்பானில் ஒரே நாட்டுக்குள்ளேயே இந்தப் பிரிவு உண்டு. டோக்கியோ ஜெர்மன் இயந்திரம் வாங்கியதால் 50. ஒசாகா அமெரிக்க இயந்திரம் வாங்கியதால் 60.

நான் கணக்கு எழுதுகிறவன். எனவே ஒரு கணக்கு சொல்கிறேன். என் நண்பர் ஒருவர் ஆசையாக வாங்கிய "ஒன் டென்" ரைஸ் குக்கரை ஊரில் 230-இல் செருகினார். 127-க்கு 230 என்பது 1.8 மடங்கு. ஆனால் வெப்பச் சுருள் இழுக்கும் மின்சக்தி அதன் வர்க்கப்படி, 3.3 மடங்கு! குக்கர் புகைந்துபோனது.

டிரான்ஸ்பார்மர் வோல்ட்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மின்சார அதிர்வை எண்ணி ஓடும் 60 ஹெர்ட்ஸ் கடிகாரம் நம் ஊரில் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். 2009-இல் வளைகுடா நாடுகளின் மின்தொடர்களை இணைத்தபோதும், சவூதியோடு சேர்க்க அல் ஃபாதிலியில் 1800 மெகாவாட் மாற்று நிலையம் தேவைப்பட்டது.

2010-இல் சவூதி அமைச்சரவை, வீடுகளின் மின்சாரத்தை 25 ஆண்டுகளில் படிப்படியாக 230 வோல்ட்டுக்கு மாற்ற முடிவெடுத்தது. ஹெர்ட்ஸ் 60-ஆகவே இருக்கும். லாபம் என்ன? அதே மின்சக்திக்கு 127-இல் 100 ஆம்பியர் ஓடினால் 230-இல் 55 போதும். அதே கம்பியில் இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். தென் கொரியாவும் 1973-இல் தொடங்கி 2005-இல்தான் 110-இலிருந்து 220-க்கு மாறி முடித்தது.

ஆகவே நேயர்களே, பெட்டி கட்டும் முன் சாதனத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். "100–240, 50/60" என்றிருந்தால் கவலையில்லை. "110" அல்லது "127" மட்டும் இருந்தால், ஊரில் அதை நேராகச் செருகாதீர்கள் என்று வீட்டாரிடம் மறக்காமல் சொல்லுங்கள். குக்கர் போனால் ஒரு மாதச் சேமிப்போடு போகும். செருகிய கைக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது.