சோனகத்தெருவின் பனங்கூரைகள்

யாழ்ப்பாண முஸ்லிம்களின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் காணி உறுதிகளையும் பள்ளிவாசல் பதிவுகளையுமே முதலில் தேடுகிறார்கள். எங்கள் வீட்டு உறுதி என்னிடம் இல்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் உத்தரவின்படி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது அதுவும் போய்விட்டது. அப்போது எனக்கு 12 வயது. ஆகவே எனக்குக் கிடைத்த ஆவணம் கூரை. சரியாகச் சொன்னால், கூரை இருந்த இடம்.

வடக்கில் கூரை என்றால் பனைதான். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பனைமரம் கொழும்புக்கும் சோழமண்டலக் கரைக்கும் கப்பலேறியது. வில்லியம் பேர்குசன் 1850இல் பனையைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதற்கும் முன்னே தொல்காப்பியர் மரபியலில், வெளியே வைரமுள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரமுள்ளதை மரம் என்றும் பிரித்துவிட்டார். அந்தக் கணக்கில் பனை மரமல்ல, புல். பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காக இதைப் பாடமாக்கினேன். விளங்கியது 2010இல், வாப்பாவோடு சோனகத்தெருவுக்குத் திரும்பிப் போனபோது.

வீட்டில் ஓடு இல்லை, கைமரம் இல்லை, கதவு நிலைகூட இல்லை. சுவருக்குள் ஆலங்கன்று முளைத்து நின்றது. மதிப்புப் பார்க்க வந்த வயதான ஓடாவியார் சுவர்த்தலையைத் தடவிவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது பனங்கூரை. உள்ளுக்குக் கிடக்கிற சோத்தியை வாய்ச்சியாலை செதுக்கி எறிஞ்சுபோட்டு, வெளிவைரத்தை மட்டும் ஏத்தியிருக்கினம். சோத்தி நிண்டால் கறையான் விடாது. சுவரிலை பதியிற நுனிக்குத் தார் பூசியிருக்கினம், பாருங்கோ."

தார்க்கறை உண்மையிலேயே இருந்தது. நான் குழிகளை எண்ணினேன். முன்னறையில் பக்கத்துக்கு 14. ஒன்றுக்கொன்று இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஓலைக்கு இவ்வளவு நெருக்கம் வேண்டியதில்லை, ஓட்டின் பாரத்துக்குத்தான் வேண்டும். ஆனால் முக்கோணச் சுவரில் இன்னொரு சாய்வுக்கோடும் தெரிந்தது, செங்குத்தாக. கோட்டுக்குக் கீழே மண்சாந்து, மேலே சுண்ணாம்புச் சாந்து. ஓலைக்கூரை செங்குத்தாய் இருந்தால்தான் மழை நிற்காமல் ஓடும். ஆக, இந்த வீடு முதலில் ஓலைவீடு. பிறகு பக்கச்சுவரை உயர்த்தி, சாய்வைக் குறைத்து, ஓடு போட்டிருக்கிறார்கள்.

வாப்பாவிடம் கேட்டேன். "ஓம், எங்கட வாப்பா இரும்புக்கடையிலை உழைச்ச காசிலை போட்ட ஓடு. அதுக்கு முந்தி ஓலைதான் எண்டு உம்மா சொல்லுவா" என்றார். உறுதி இருந்திருந்தாலும் இதைச் சொல்லியிராது. அதில் எல்லையும் பரப்பும் இருக்கும். ஒரு குடும்பம் ஓலையிலிருந்து ஓட்டுக்கு ஏறியது இராது.

நாங்கள் புதுக்கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீற்தான் போட்டோம். முதிர்ந்த பனைக்குக் கொடுக்க எங்களிடம் காசு இருக்கவில்லை. சாந்து பூசுமுன் குழிகளையும் கோட்டையும் அளந்து, படமெடுத்து வைத்துக்கொண்டேன். பக்கத்து வளவுகளில் இரண்டு பழைய சுவர்களை அதற்குள் இடித்துவிட்டார்கள். குறை சொல்லேன், வீடு கட்ட வேண்டுமே.

இருந்தாலும் ஒரு வேண்டுகோள். சோனகத்தெருவிலோ சாவகச்சேரியிலோ உங்கள் பழைய சுவர் நின்றால், இடிக்கும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஓர் அளவுநாடா, ஒரு கொப்பி போதும். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். நாங்கள் அங்கே எத்தனை தலைமுறை வாழ்ந்தோம் என்று கேட்கிறவர்களுக்குக் காட்ட, எம்மில் பலரிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சுவர்கள்தாம்.