மருந்தும் சம்மதமும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வழியில், நாலந்தாவில், கெடிகே என்னும் பழைய கற்கோயில் உண்டு. பௌத்த ஆலயம், கட்டடக் கலையோ திராவிடம். இரு மரபுகள் கூடிய அவ்விடத்தில் நின்று, நோயாளரைப் பேணுவது பற்றி அவை சொன்னதை எண்ணிப் பார்ப்போம்.

பணிவிடை செய்பவரிடம் தன் நோயை உள்ளபடி சொல்லாதவன் பேணுதற்கு அரியவன் என்கிறது பௌத்த விநயத்தின் மகாவக்கம். திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன். முதலிடம் நோயாளிக்கே.

நோயாளி உண்மை சொல்லவேண்டுமென்றால், அவருக்கும் உண்மை சொல்லப்பட வேண்டாமா? தெளிந்த மனமுடைய வயதுவந்தவரின் உடலில் என்ன செய்வதென்று தீர்மானிப்பவர் அவரே என 1914இல் நியூயோர்க் நீதிபதி கார்டோசோ எழுதினார். சம்மதம் விவரமறிந்து தரப்பட வேண்டும் என்பதை 1957இல் கலிபோர்னிய நீதிமன்றமொன்று வலியுறுத்தியது.

இன்றைய முதியோர் இல்லங்களில் குறள் சொன்ன நான்காமவர், குளிசையோடு வரும் தாதி. “போடுங்கோ அம்மா” என்பதோடு அவர் கடமை முடிவதில்லை. இது எதற்கு, என்ன செய்யும் என்று சொல்லவேண்டும். நித்திரைக் குளிசையென்றால், அது அம்மாவின் நலத்துக்கா, இல்லத்தின் வசதிக்கா என்றும் கேட்கவேண்டும். “வேண்டாம், பிள்ளை” என்ற பதிலுக்கும் செவிகொடுக்க வேண்டும்.