கைநூற்பு (தமிழக ஊர்ப்புறம்)

பருத்திப் பஞ்சை வீட்டிலேயே தக்ளி என்னும் கைக்கதிராலோ ராட்டையாலோ நூலாக்கும் தொழில் கைநூற்பு. தமிழகத்தில் இது பெரும்பாலும் பெண்களின் வேலை. புறநானூறும் நற்றிணையும் நூற்கும் பெண்களைக் குறிப்பிடுகின்றன. நற்றிணை சொல்வது ஆண்துணை இல்லாத பெண்களை. யாரையும் அண்டாமல், வீட்டைவிட்டு வெளியேறாமல் பிழைக்க அவர்களுக்கு இருந்த வழி இது.

பருத்தியைக் காயவைத்துக் கொட்டை நீக்குவார்கள். வில் நாணால் அடித்துப் பஞ்சைப் பிரித்து, குச்சியில் உருட்டிப் பட்டை போடுவார்கள். வலக்கை ராட்டைச் சக்கரத்தைச் சுற்ற, இடக்கை பட்டையைப் பின்னோக்கி இழுக்க, கதிர்முனையில் முறுக்கேறி இழை பிறக்கும். இரண்டு கையும் ஒத்துப்போகாவிட்டால் நூல் ஓரிடத்தில் தடிக்கும், இன்னோரிடத்தில் அறும். கதிரில் சேர்ந்த நூலைச் சிட்டமாக்கித் தறிக்காரருக்குக் கொடுப்பார்கள். ஒரு தறிக்கு ஈடுகொடுக்கப் பல ராட்டைகள் சுற்ற வேண்டும். ஆனால் துணிக்குப் பேர் வாங்கியவர்கள் நெய்தவர்களே.

1820களில் இங்கிலாந்தின் ஆலைநூல் இந்தியாவுக்கு வரத் தொடங்கியது. நெசவாளர்கள் அந்த மலிவு நூலை வாங்கி நெய்தார்கள். நூற்றவர்களுக்கு அப்படி ஒரு மாற்று இல்லை. அயர்லாந்திலும் இதே கதைதான். அங்கே குடியானவப் பெண்கள் ஆளிநாரை வீட்டில் நூற்று லினன் துணிக்கு நூல் தந்தார்கள். 1825இல் நாரை நனைத்து நூற்கும் இயந்திர முறை வந்தது. 1830இல் பெல்பாஸ்டில் பெரிய நூற்பாலை ஓடத் தொடங்கியது. வீட்டு ராட்டைகள் ஓய்ந்தன. தறி நிலைத்தும் ராட்டை மறைந்ததைத் தமிழகத்தில் இன்றும் பார்க்கலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியின் பட்டுத்தறிகள் இன்றும் ஓடுகின்றன. அதே மாவட்டத்தில், செஞ்சி சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை) விளையும் ஊர். ராட்டை அங்கே அன்றாட வாழ்வில் இல்லை.

காந்தியின் கதர் இயக்கம் கைநூற்புக்கு மறுவாழ்வு கொடுத்தது. 1925இல் ராஜாஜி திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு அகில இந்திய சர்க்கா (ராட்டை) சங்கம் உருவானது. அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரிலிருந்து இயங்கியது. பஞ்சு கொடுத்து, நூல் வாங்கி, கூலி தரும் ஏற்பாடு ஊர் ஊராகப் பரவியது. பின்னர் தமிழரான ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் சர்க்கா, ஒரே நேரத்தில் பல கதிர்களில் நூற்க வழிசெய்தது.

கையால் நூற்று, கையால் நெய்ததே கதர் என்கிறது 1956ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். ஆலைநூலில் நெய்தது கைத்தறி ஆகலாம், கதர் ஆகாது. நூற்பவருக்கு வயிறு நிறையும் கூலி வேண்டும் என்று காந்தி 1935இலேயே வற்புறுத்தினார். கதர் வாங்குவோர், விலையில் நூற்றவர் கைக்குப் போகும் பங்கு எவ்வளவு என்று கடையில் கேட்க வேண்டும்.