சிறகு செய்த தச்சர்கள் – 6: பல்லாவரத்து வெயில்

போன வாரம் விமானி பிளேரியோவை நடுக்கடலுக்கு மேலே பறக்க விட்டுவிட்டு வந்தோம். கீழே ஆங்கிலக் கால்வாய், நாலாபுறமும் பனிமூட்டம். துணைக்கு வந்த போர்க்கப்பல் எப்போதோ பின்தங்கிவிட்டது. அவரிடம் திசைகாட்டிகூட இல்லை.

பத்து நிமிடம் அப்படியே பறந்தார். பிறகுதான் இங்கிலாந்துக் கரை மங்கலாகத் தெரிந்தது. காற்று அவரைப் பாதையிலிருந்து தள்ளியிருந்தது. கரையோரமாகவே போய், டோவர் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு புல்சரிவில் தடாலென்று இறங்கினார். சக்கரச் சட்டமும் முன்விசிறியும் உடைந்தன. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று 1909 ஜூலை 25. கடலைத் தாண்ட 36 நிமிடத்துக்குச் சற்று அதிகம் பிடித்தது. 25 குதிரைசக்தி இயந்திரம். முந்தைய ஒரு விபத்தில் கால் வெந்து, ஊன்றுகோலோடு விமானத்துக்கு வந்த மனிதர் அவர். கார் விளக்கு செய்து விற்றுச் சேர்த்த பணத்தையெல்லாம் இந்தச் சிறகில்தான் கொட்டியிருந்தார்.

அந்தச் செய்தி கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. வந்து, ஒரு ஹோட்டல்காரரைப் பிடித்துக்கொண்டது.

அவரிடம் போகுமுன் ஒரு நிமிடம். இதை நான் அதியமான்கோட்டையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில் இருக்கிறது ஊர். தேய்பிறை அஷ்டமிக்குக் காலபைரவரைத் தேடி எங்கெங்கிருந்தோ சனம் வருமே, அந்த ஊர்தான். அதியமானின் முன்னோர் விண்ணுலகத்திலிருந்து கரும்பைக் கொண்டுவந்தார்கள் என்பது புறநானூற்று வழியாக வந்த பெருமை. சின்ன வயதில் அதைக் கேட்டபோதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: எதில் ஏறிப் போனார்கள்?

புறநானூற்றில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் சீவக சிந்தாமணியில் ஒரு பதில் இருக்கிறது. அரசன் சச்சந்தன் தன் மனைவி விசயைக்காக, பறக்கும் மயிற்பொறி ஒன்றைச் செய்யச் சொல்கிறான். செய்வது முனிவரும் அல்ல, தேவரும் அல்ல, ஒரு தச்சன். துணி, நூல், அரக்கு, மெழுகு என்று அவனுக்குக் கொடுத்த சாமான்களைக்கூடத் திருத்தக்கதேவர் வரிசையாகச் சொல்கிறார். கதைதான். ஆனாலும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் கவிஞர் பறப்பதை மந்திரத்திடம் விடாமல் பட்டறையிடம் கொடுத்தாரே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது. 1910-ல் உலகத்தில் எங்கே விமானம் செய்தாலும் பெரும்பாலும் மரமும் துணியும் கம்பியும்தான் கச்சாப்பொருள்.

இனி மவுண்ட் ரோடு. ஜியாகோமோ டாஞ்செலிஸ் ஐரோப்பாவிலிருந்து வந்து சென்னையில் காலூன்றியவர். விருந்துச் சமையலில் பேர் வாங்கி, மவுண்ட் ரோட்டில் தன் பெயரிலேயே பெரிய ஹோட்டல் நடத்தியவர். பிளேரியோவைப் பற்றிப் படித்ததும் அவர் பாரிசுக்கு எழுதி ஒரு விமானத்தை வரவழைக்கவில்லை. தானே வரைபடம் போட்டார். போட்டதை எடுத்துக்கொண்டு அதே மவுண்ட் ரோட்டிலிருந்த சிம்ப்சன் கம்பெனிக்குப் போனார்.

இதைவிடச் சரியான இடம் அவருக்குக் கிடைத்திருக்காது. சிம்ப்சன் 1840-ல் தொடங்கிய கம்பெனி. சாரட்டும் கோச்சு வண்டியும் கட்டிப் பழகிய பட்டறை. எடை ஏறாமல், குலுக்கலில் முறியாமல் ஒரு சட்டத்தை எப்படிக் கட்டுவது என்பது அங்கே உளி பிடித்தவர்களுக்குக் கைவந்த வேலை. டாஞ்செலிஸ் கேட்டது இரட்டைச் சிறகு விமானம். மேலொரு சிறகு, கீழொரு சிறகு. நடுவே மரக்கால்கள், குறுக்கே முறுக்கிக் கட்டிய கம்பிகள். தனித்தனியாக வளைந்து போகிற இரண்டு சிறகும் சேர்த்துக் கட்டினால் பெட்டி மாதிரி விறைத்து நிற்கும். ஹோட்டல்காரரின் பெயரைச் சரித்திரம் எழுதி வைத்துக்கொண்டது. அந்த மரத்தை இழைத்தவர்களின் பெயரையும் எழுதியிருக்க வேண்டும். அந்த வருத்தம்தான் என்னை இந்தத் தொடரை எழுத வைத்தது.

விமானம் தயாரானது. வெள்ளோட்டத்துக்குப் பல்லாவரம். இன்றைய மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அடுத்த ஊர்தான். மாதம் மார்ச்.

அந்த வெயிலில்தான் சிக்கல். ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று முதலில் பறந்தபோது குட்டைத் தண்ணீர் உறைந்து கிடந்தது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. சிறகை நன்றாகத் தாங்கும். 15 டிகிரிக் காற்றைவிட 35 டிகிரிக் காற்று 6 விழுக்காட்டுக்கு மேல் லேசானது. அதில் சிறகுக்கும் பிடிப்புக் குறையும், விசிறிக்கும் பிடிப்புக் குறையும், இயந்திரம் இழுக்கும் மூச்சும் குறையும். அவ்வளவு சாதகமான குளிரிலும் ரைட் சகோதரர்களின் 12 குதிரைசக்தி விமானம் முதல் தடவையில் பறந்தது 12 விநாடிதான். டாஞ்செலிஸிடம் இருந்ததும் சிறிய இயந்திரமே.

இன்னொன்றும் உண்டு. சைக்கிள் என்றால் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடிவருவார். 1910 மார்ச்சில் சென்னையில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஓர் ஆள்கூடக் கிடையாது.

இயந்திரம் உறுமுகிறது. செம்மண் புழுதி கிளம்புகிறது. ஹோட்டல்காரர் இருக்கையில் இருக்கிறார், சக்கரம் உருளத் தொடங்கிவிட்டது. எதிரே பல்லாவரத்துக் குன்றுகள்.

(தொடரும்)