காவிரிக் கரை நாணலும் கணக்கில் வராத நாற்பதும்

மோகனூரிலோ பரமத்தி வேலூரிலோ காவிரிக் கரைக்குச் சென்றவர்கள், மணல் திட்டுகளில் வெண்ணிறப் பூங்கதிர்களோடு அடர்ந்து நிற்கும் நாணலைக் கண்டிருப்பீர்கள். பேய்க்கரும்பு என்றும் இதனைக் கூறுவதுண்டு. மெலிந்த தண்டு, கரும்பின் இனிப்பு அதில் இல்லை. வாய்க்காலுக்கு அப்பால், ஆலைக்கு வெட்டத் தயாராக நிற்கும் கரும்புக்கு இந்த நாணல் இனம் தந்தைவழிப் பாட்டன் முறை என்றால் நம்புவீர்களா?

இந்த உறவு ஏற்பட்ட இடம் கோயம்புத்தூர். ஜாவாவிலிருந்து சர்க்கரை கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. வட இந்தியாவில் பயிரான நாட்டுக் கரும்புகள் மெல்லியவை, விளைச்சலும் குறைவு. தென்னாட்டின் பருத்த கரும்போ அங்குள்ள குளிரையும் வறட்சியையும் தாங்காது. இதற்கு வழி காண 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே சி. ஏ. பார்பர் என்ற ஆங்கிலேய அறிஞரும், அவருக்குத் துணையாக இருந்து பின்னர் நிலையத்தின் தலைமையை ஏற்ற டி. எஸ். வெங்கட்ராமனும், ‘வெள்ளை’ என்னும் பருத்த கரும்பின் பூவில் உள்ளூர் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தனர். இனிப்பில்லாத புல்லைக் கரும்போடு கலப்பது அன்று துணிச்சலான செயலே. அதில் பிறந்த கோ 205 என்ற வகை 1918இல் பஞ்சாபுக்கு வழங்கப்பட்டது. அங்கிருந்த நாட்டுக் கரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது. ‘கோ’ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும்.

இனி, பள்ளியில் படித்ததைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். வெங்காய வேர் நுனியில் நாம் காணும் மைட்டாசிஸ் பகுப்பில், ஓர் உயிரணுவின் குரோமோசோம்கள் இரட்டித்து, இரண்டு சேய் உயிரணுக்களுக்கும் சமமாகப் போய்ச் சேருகின்றன. மகரந்தமும் முட்டையும் உண்டாகும்போது நடைபெறும் மியாசிஸ் என்னும் குன்றல் பகுப்பிலோ எண்ணிக்கை பாதியாகிறது. தாயின் பாதியும் தந்தையின் பாதியும் கூடினால்தான் பிள்ளையின் கணக்கு சரியாகும்.

வெள்ளைக் கரும்பின் குரோமோசோம்கள் 80; கோயம்புத்தூர் நாணலுக்கு 64. எனவே பிள்ளைக்கு 40உம் 32உம் சேர்ந்து 72 இருக்கவேண்டும். பிற்காலத்தில் நுண்ணோக்கியில் எண்ணியபோது கோ 205இல் இருந்தவை 112! இயற்பியல் ஆசிரியனான எனக்கு, கணக்கு உதைக்கும் இத்தகைய இடங்களே மிகவும் பிடித்தவை. கூடுதலாக வந்த 40 எங்கிருந்து வந்தது?

இதே புதிர் ஜாவாவிலும் இருந்தது. அங்கே இயற்கையாகவே தோன்றிய ‘காசோயர்’ என்ற கலப்புக் கரும்பில் 136 குரோமோசோம்கள் இருந்தன. டச்சு அறிஞர் ஜி. பிரெமர் 1920களில் விடையைக் கண்டார். 136 என்பது 80உம் 56உம் சேர்ந்தது. 56 என்பது ஜாவா நாணலின் 112இல் சரிபாதி. அப்படியானால் தந்தை முறைப்படி பாதியைத் தந்துவிட்டது. தாய்க் கரும்பின் முட்டை மட்டும் பாதியாகக் குறையாமல் முழு 80ஐயும் கொண்டுவந்திருக்கிறது. கோ 205இன் கணக்கும் இதேதான்: 80உம் 32உம் 112.

இதனால் விளைந்த நன்மையைப் பாருங்கள். முறைப்படி 72 என்று அமைந்திருந்தால் அதில் இனிப்புக் கரும்பின் பங்கு நூற்றுக்கு 56தான். 112இல் 80 என்றால் பங்கு 71 ஆகிறது. நாணலின் உறுதியும் வந்தது. இனிப்பும் ஒரேயடியாகக் குறைந்துவிடவில்லை. பார்பரும் வெங்கட்ராமனும் வயலில் கண்ணால் பார்த்துத் தேர்ந்தார்கள். குரோமோசோம் கணக்கு பின்னால் வந்தது.

அவ்வாறு எண்ணுவது எளிதன்று. கரும்பின் குரோமோசோம்கள் மிகச் சிறியவை. நூற்றுக்கு மேற்பட்டவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். அந்தப் பொறுமையான வேலையைக் கோயம்புத்தூரில் 1934 முதல் 1939 வரை செய்தவர்களில் சிறப்பானவர் ஈ. கே. ஜானகி அம்மாள். தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து, அதனை 1938இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டனுடன் இணைந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை நூலை வெளியிட்டார்.

ஜாவாக் கதையும் நம் கதையும் பின்னர் ஒன்றாகின்றன. காசோயரின் வழிவந்த ஜாவாக் கரும்பு ஒன்றைத் தாயாகக் கொண்டு 1933இல் வெளிவந்த கோ 419, தென்னிந்திய வயல்களில் பல்லாண்டு கோலோச்சியது.

குன்றல் பகுப்பின் பிசகு புதிய கரும்பைத் தந்தது. அதனை வயலெங்கும் பரப்புவது சாதாரண மைட்டாசிஸ். உழவர் விதையையா விதைக்கிறார்? பருவுள்ள கரணையை அல்லவா நடுகிறார்! ஆகவே ஒரு வகையை நட்ட வயல்களில் உள்ள அத்தனை கரும்பும், மறுதாம்பும்கூட, ஒரே செடியின் படிகள் போன்றவை. ஒன்றைச் சாய்க்கும் நோய் அனைத்தையும் சாய்க்கும். கடலூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கோ.க. 671, சர்க்கரைச் சத்தில் இணையற்றதாக இருந்தும், செவ்வழுகல் நோய்க்கு இரையானது இப்படித்தான். கரணைக்குள் நோய்ப்பூஞ்சை இருந்தால் நடவோடு அதுவும் ஊர் ஊராகப் போகும்.

ஆனால் அந்தக் கரும்பை ஆராய்ச்சியாளர்கள் தூக்கி எறிந்துவிடவில்லை. கோ 62198 என்ற வகையின் பூவில் அதன் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். அவ்வாறு கிடைத்த கோ 86032, 2000ஆம் ஆண்டு சாகுபடிக்கு வெளியிடப்பட்டு, தமிழ்நாட்டுக் கரும்பு வயல்களில் பெரும்பகுதியை நிரப்பியது.