பழைய காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி தேவையா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்க!

செகண்ட் ஹேண்ட் கார் டெலிவரி எடுக்கும்போது, "இன்னும் கொஞ்சம் கட்டினா ஒரு வருஷம் வாரண்டி சார்" என்பார்கள். அங்கேதான் பலரும் தடுமாறுவாங்க.

முதலில், வாரண்டி தருவது யார்? கார் கம்பெனி வாரண்டியே மீதமிருந்தால், பெரும்பாலும் ஆர்சியை மாற்றிய பிறகு அதையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அது இருக்கும்போது இன்னொன்று வீண் செலவு.

விற்பவர் தரும் வாரண்டி பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸோடு நின்றுவிடும். பழைய காரில் அடிக்கடி செலவு வைக்கும் கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர், பேட்டரி எல்லாம் தேய்மானம் என்று கழற்றிவிடுவாங்க. சர்வீஸை வெளியில் செய்தாலும் கிளைம் சிக்கலாகலாம். இன்ஷூரன்ஸ் இருக்கே என்றால், அது விபத்து, திருட்டு போன்றவற்றுக்குத்தான். தானாகப் பழுதான இன்ஜினுக்கு இல்லை.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ டீசல் என்றால் ரிப்பேர் பில் எகிறும். அங்கே வாரண்டியை யோசிக்கலாம், ஒரு கிளைமுக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டு. சர்வீஸ் ரெக்கார்டு சரியாக இருக்கும் மேனுவல் பெட்ரோல் காருக்கு, அந்தப் பணத்தை ரிப்பேருக்கென்று தனியாக எடுத்து வைப்பதே லாபம்.

எதற்கெல்லாம் கிளைம் கிடையாது என்ற பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்க. தயங்கினால் கையெழுத்துப் போடாதீங்க.